வால்ட்டருக்குச் சொன்ன பதில்கள்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. பக்கத்து வீட்டு பிரிஜிட் மிஸி கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். அவர் ஓய்வு பெற்ற தாதி. அதனால் மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில் எங்கள் தெருவுக்கே அவர் மிஸி. கணவரை அடக்கம் செய்த சில வாரங்களில், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி கேட்டார்.

"அண்ணே, நீங்க கத எழுதுற ஆளுதானே? அவரு கடைசியா என்ன பேசினாருன்னு எழுதிக் கொடுங்க."

"எனக்கு ஜெர்மன் தெரியாதே மிஸி."

"எனக்கு மட்டும் தெரியுமா? தெரிஞ்சா நீங்க எதுக்கு?"

2

முதல் தொடக்கம்: வால்ட்டர் கிரூகர், ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பெற்றோரின் இரண்டாவது பிள்ளையாக, மில்வாக்கி நகரில்

(அடித்துவிட்டேன். கல்லறைக் கல்லில் பொறிப்பதற்குச் சரி.)

இரண்டாவது: டுரியான் துங்கால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தாதி வேலைக்காக அமெரிக்கா போன பிரிஜிட், அங்கே ஆஸ்பத்திரியில் கை உடைந்து கிடந்த தச்சர் ஒருவரை

(இதுவும் வேண்டாம். நடந்தது இதுதான் என்றாலும், இப்படித் தொடங்கினால் காதல் கதையாகிவிடும். அந்தக் காதலுக்குப் பிறகு நடந்ததுதான் என் வேலை. மிஸி ஓய்வு பெற்றதும் இருவரும் மலாக்காவுக்கே வந்துவிட்டார்கள்.)

மூன்றாவது: பக்கவாதம் வந்த பிறகு வால்ட்டர் ஆங்கிலத்தை இழந்தார்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அவர் பேசவே இல்லை. பிறகு ஒருநாள் ஏதோ பேசத் தொடங்கினார். மிஸி அதை உளறல் என்றே நினைத்தார். டுரியான் துங்கால் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கும் அவருடைய அண்ணன் மகன் சாமுவேல்தான் கண்டுபிடித்தான்.

"அத்தை, இது ஜெர்மன்லா!"

கல்யாணமாகி ஏறக்குறைய நாற்பது வருடம். தனக்கு அந்த மொழி தெரியும் என்று வால்ட்டர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதுவரை இருவருக்கும் ஆங்கிலம்தான்; இனி அவர் ஜெர்மனில் பேச, மிஸி தன் தமிழிலேயே பதில் சொன்னார்.

3

மீதியை வால்ட்டரின் அக்காள் ஹெல்கா சொன்னார். தொண்ணூறு வயது, மில்வாக்கியில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வீடியோ அழைப்பில் அவருடைய நெற்றி மட்டும்தான் தெரிந்ததாம்.

அவர்களின் அப்பா தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவர். ஜெர்மனியோடு அமெரிக்கா போரிட்ட காலத்தில் ஒரு காலை, வீட்டுக் கதவில் யாரோ தார் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா அதைச் சுரண்டிக்கொண்டே சொன்னாராம்: "இன்று முதல் இந்த வீட்டில் ஜெர்மன் கிடையாது. நீங்கள் இங்கே பிறந்தவர்கள்." வால்ட்டருக்கு அப்போது நான்கு வயது.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

அம்மா பேசுவதை நிறுத்திக்கொண்டார். ரொட்டியைக் காட்டுவார், காலணியைக் காட்டுவார், கதவைக் காட்டுவார். பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

(இந்தத் தாயை என்னால் முழுக்க நம்ப முடியவில்லை. ஒரு பெண் எத்தனை வருடம் விரலால் பிள்ளை வளர்ப்பாள்? பேர் வைத்தால் நம்பலாம் என்று ஒரு பேர் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். ஹெல்கா 'மாமா' என்று மட்டும் சொன்னார். அம்மாவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எனக்கும் நாள் முழுக்கப் பேசாமல் இருப்பது பிடிக்கும். ஆனால் அது நானாக எடுத்துக்கொள்ளும் மௌனம். இது வேறு.)

தம்பி பேசுவதை ஹெல்கா வெகுநேரம் கேட்டார். பிறகு தலையை அசைத்தார். வார்த்தைகள் போய்விட்டன, ராகம் மட்டும் தெரிகிறது என்றார். பேச்சை நிறுத்துவதற்கு முன் சமையலறையில் அம்மா பேசியது போலவே இருக்கிறதாம்.

அன்றுதான் மிஸிக்கு அந்தப் பயம் வந்தது.

"நான்தான் தொடைச்சி விடுறேன், ஊட்டி விடுறேன். யாருன்னு நெனச்சி வாயத் தொறக்கிறாருண்ணே? என்னையா, அவங்கம்மாவையா?"

4

சாமுவேல் போனைக் கொண்டுவந்தான்.

"அத்தை, இந்த ஆப்ல போட்டா உடனே தமிழ்லயே சொல்லிடும்."

மிஸி உள்ளங்கையால் போனை மூடினார். "அவரு எங்கிட்ட பேசுறாரு. போனுகிட்ட இல்ல."

"அப்ப என்ன சொல்றாருன்னு எப்படிலா தெரியும்?"

"நீ பேசுறது மட்டும் எனக்கு எல்லாம் புரியுதாக்கும். போய் குடிக்க தே தாரிக் வாங்கிட்டு வா."

வாங்கப் போனான். ஆனால் அதற்கு முந்தைய நாளே மிஸியும் வால்ட்டரும் பேசுவதை அவன் போனில் பதிவு செய்திருந்தான். அடுத்த வாரம் வால்ட்டர் இறந்துபோனார். அடக்கம் முடிந்ததும் பதிவை எனக்கு அனுப்பினான். 'அத்தை கேட்டா கொடுங்க அங்கிள்.'

5

வால்ட்டரின் கடைசிப் பேச்சுக்கு மூன்று வடிவங்கள் எழுதினேன்.

அ) "மாமா, இப்போது பேசலாம். கதவு சுத்தமாகிவிட்டது."

ஆ) "பிரிஜிட், உன்னிடம் மறைத்தது இந்த ஒன்றுதான். மறந்துவிட்டதாகவே நினைத்திருந்தேன்."

இ) "தலையணையைக் கொஞ்சம் உயர்த்து."

மிஸியின் வீட்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். அடக்கத்துக்காக அமெரிக்காவிலிருந்து வந்து தங்கியிருந்த மகள் லீனாவும் இருந்தாள். மூன்றாவதைக் கேட்டு மிஸி லேசாகச் சிரித்தார்.

"மொத ரெண்டும் அழகா இருக்குண்ணே. அதான் பிரச்சன. அந்தாளு கல்யாணம் கேட்டப்பவே, 'ஒனக்குச் சரின்னா எனக்கும் சரி'ன்னாரு. அவ்ளோதான்."

பதிவு என்னிடம் இருப்பதைச் சொன்னேன். மிஸி எழுந்து போய் மின்விசிறியை அணைத்துவிட்டு வந்தார். பிறகு, "போடுங்க" என்றார்.

கேட்டோம். லீனா தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "அம்மா, இரண்டு பேர் பேசுவதுமே எனக்குப் புரியவில்லை."

மிஸி என்னைப் பார்த்தார். "அங்கயே பொறந்தவ. அங்கயே பொழைக்கணும், எதுக்கு ரெண்டு பாஷயப் போட்டுக் கொழப்பணும்னு விட்டுட்டேன்."

(இந்தக் கதையையும் லீனாவால் வாசிக்க முடியாது. இந்த வாக்கியத்தை இரண்டு முறை அடித்து, இரண்டு முறையும் திரும்ப எழுதினேன்.)

"ஆப்ல போட்டுப் பார்ப்போமா மிஸி?"

"வேணாம்ணே. போட்டா ஒரே பதில்தான் வரும்லா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் பேச்சு கேக்குதுல்ல? அத எழுதுங்க. அது பொய்யில்ல."

6

எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தைகூடக் கற்பனை இல்லை. வால்ட்டர் பேசும் இடங்களைக் காலியாக விட்டிருக்கிறேன். வாசிக்கும் நீங்கள் அவற்றை நிரப்பிக்கொள்ளலாம். சாமுவேலின் ஆப் தேவையில்லை. கடைசி இடத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். அங்கே அவர் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கிய பிறகு அது நீண்டுகொண்டே போகிறது, பதிவு முடியும்வரை. அதனால் அந்த அடைப்புக்குறியை நான் மூடவில்லை.

அவர்: ( )

மிஸி: கஞ்சிதான். சூடு இல்ல. வாயத் தொறங்க.

அவர்: ( ) [சிரிக்கிறார்]

மிஸி: என்னா சிரிப்பு? உப்பு பத்தலியா?

அவர்: ( )

மிஸி: டாக்டர்தான் கூடாதுன்னாரு. என்னையத் திட்டாதீங்க.

அவர்: ( )

மிஸி: ம். ம். சரி. அப்புறம்?

அவர்: ( ) [குரல் உடைகிறது]

மிஸி: அழாதீங்க. இங்க பாருங்க. என்னையப் பாருங்க. நான் யாரு?

அவர்: (