தொட்டால் சுட வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பிட முடியாது. பெட்டியும் மூடியும் இல்லாமல் ஒரு கம்ப்யூட்டர் அதன் மேல் பப்பரப்பாவென்று விரிந்து கிடக்கும். நான் பஸ் ஓட்டுகிறவன். வாரம் முழுக்க ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டுவிட்டு, கிடைக்கிற ஒரு நாளிலும் சூடான தட்டை மடியில் வைத்துத் தின்றால் எவனுக்குத்தான் கோபம் வராது? ஆனாலும் வாயைத் திறக்க மாட்டேன். அந்த மேசையில் என் மனைவி வேலை செய்வதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அவளும் அவள் தம்பியும் சேர்ந்து கம்ப்யூட்டர் கடை நடத்துகிறார்கள். மெமரியைக் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்ப்பதில் இருவருக்கும் பைத்தியம். ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே விலை என்று இரண்டு ஜோடி மெமரிக் குச்சிகள் வரும். உள்ளே இருக்கும் சில்லு வேறாக இருக்கும். ஒன்று பறக்கும், மற்றொன்று படுத்துக்கொள்ளும். எது எது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துச் சொல்லிவிடுவாள் இவள். எனக்கோ எல்லாம் பச்சை அட்டைதான்.

வருடா வருடம் இதற்கொரு போட்டி நடக்கிறது. கடைக்கு ஒரு பெயர்தான் கொடுக்கலாம். தலையால் தண்ணீர் குடிப்பவள் இவள். பட்டியலில் வருவதோ தம்பியின் பெயர். அவன் வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம் அப்படி. எனக்குத்தான் வயிறு எரியும். இந்த வருடம் நான் சண்டை போட்டதில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆளுக்கு ஒரு ஜோடி மெமரி. எட்டாயிரம் வேகத்தில் எந்த ஜோடி ஒரு பிழைகூட இல்லாமல் சோதனையைத் தாண்டுகிறதோ, அதன் சொந்தக்காரர் பெயரில் போட்டிக்குப் போவது.

முதலில் அவள் ஜோடி ஓடியது. நன்றாகத்தான் ஓடியது. முடியப் போகிற நேரத்தில் திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி வந்தது.

"ஒண்ணே ஒண்ணுதானே, விடேன்," என்றேன்.

"ஒண்ணா இருந்தாலும் தப்பு தப்புதாங்க," என்று சொல்லிவிட்டுக் கொடியில் காயும் துணியை எடுக்கப் போய்விட்டாள். முகத்தைக் காட்டாமல் போக அவளுக்கு அந்தத் துணி கிடைத்தது.

மச்சான் தன் ஜோடியை மாட்டினான். கல்யாண வீடு மாதிரி கலர் விளக்கு எரியும் குச்சிகள். எட்டாயிரத்துக்கான எண்களைப் போட்டுச் சேமித்தான். திரை இருண்டு அப்படியே நின்றது. "புது வேகம்ல மாமா, பழக கொஞ்ச நேரம் எடுக்கும்," என்று டீ போடப் போனான். திரும்பி வந்தபோது திரை எரிந்துகொண்டிருந்தது. சோதனையை ஓட விட்டான். ஒரு பிழை இல்லை. முடிந்ததும் அவன் ஆடிய ஆட்டத்தில் டம்ளர் உருண்டது.

"பார்த்தியாக்கா? வெண்ணெய் மாதிரி ஓடிருச்சு."

துணிக் குவியலைத் தோளில் போட்டபடி அவள் வந்தாள். திரையைப் பார்க்கவில்லை. நேராகக் குச்சியின் மேல் விரலை வைத்தாள்.

"டேய், இது ஏன்டா ஜில்லுன்னு இருக்கு?"

அவன் முகம் சப்பென்று ஆனது. எட்டாயிரத்தில் ஓடினால் சூட்டில் கை வைக்க முடியாதாம். போட்ட எண்கள் ஒத்து வராவிட்டால், குச்சியை மாட்டியிருக்கும் போர்டு யாரிடமும் சொல்லாமல் பழைய வேகத்துக்கே இறங்கிவிடுமாம். திரையில் வேகம் என்ன என்று பார்க்காமல் அவன் ஓட விட்டிருக்கிறான். பார்த்தால், நாலாயிரத்து எண்ணூறு. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நின்ற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஊர் போய்ச் சேர்ந்ததாகச் சொன்ன கதைதான்.

அத்தோடு விட்டிருந்தால் இருவரும் சமம். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். இவளால் விட முடியுமா? துணியை என் மடியில் போட்டாள், நாற்காலியை இழுத்தாள்.

"இந்தச் சில்லு நல்ல சில்லுடா. நீ குடுத்த எண்ணுதான் சரியில்ல."

கொஞ்சம் மின்சாரம் கூட்டினாள், ஒரு எண்ணைத் தளர்த்தினாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். ஒவ்வொரு தடவையும் வேகம் எட்டாயிரத்திலேயே நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டாள். அவசரம் என்பதே இல்லை. அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நான் துணி மடித்தேன். வெயில் சாயும்போது சோதனை முடிந்தது. எட்டாயிரம், ஒரு பிழை இல்லை.

"தொட்டுப் பாருங்க," என்றாள். தொட்டேன். சுரீரென்றது, கையை உதறினேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டியேடி. அது அவன் ஜோடி. இந்த வருஷமும் அவன் பேருதான்."

"இருக்கட்டுங்க. இவ்வளவு நல்ல குச்சி, சும்மா கிடந்தா மனசு கேக்குமா?"

மச்சான் லேப்டாப்பை இழுத்துப் போட்டிக்கான பக்கத்தைத் திறந்தான். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத் தயாராகத் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். பெயர்க் கட்டத்தில் என் மனைவியின் பெயர் இருந்தது.

"என்னடா இது? உன் ஜோடிதானே ஜெயிச்சது?"

"நான் ஓட்டினது நாலாயிரத்து எண்ணூறு மாமா. எட்டாயிரம் ஓட்டினது அக்கா. நியாயமா பார்த்தா போன மூணு வருஷமும் அப்படித்தான்."

சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க, பெயருக்கு முன்னால் இருந்த எழுத்தைக் காட்டினேன். அது அவர்கள் அப்பாவின் இனிஷியல். "அது சரி, என் இனிஷியல் எங்கடா?"

"நீங்க மேசைதானே மாமா குடுத்தீங்க. அதுக்கு இனிஷியல் எல்லாம் கிடையாது."

அவள் சிரிக்கவில்லை. திரையில் இருந்த தன் பெயரை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, ஓடிக்கொண்டிருந்த குச்சியை இன்னொரு தடவை தொட்டாள்.

"சுடுதுடா," என்றாள். கண்ணைத் துடைக்க என் மடியிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டாள்.