மூக்கன் தோற்ற ஊர்

அன்று மாலை நான்கு மணிக்கு எங்கள் ஆம்பூர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியராகிய ஜெயகரன், அதாவது நான், என் மனைவி ஜெயபுஷ்பம், நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற என் தங்கை எப்சி, பக்கத்து வீட்டுத் தோல் வியாபாரி முக்தார் அகமது. தானும் இருந்ததாக வேறு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எப்சி ஒரு மாயாஜால நாவல் எழுதியிருந்தாள். அதில் மூக்கன் என்றொரு பூதம். அதற்குக் கண் கிடையாது. ஏழு மலைக்கு அப்பால் இருக்கும் மனிதனையும் மோப்பம் பிடித்து வந்து தின்றுவிடும். அதனிடம் தப்பி ஓடும் செவ்வந்தி என்ற பெண் கடைசி அத்தியாயத்தில் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ஒளிகிறாள். அங்கே தோல் சீவும் ஒரு கிழவர் அவளைக் காப்பாற்றுகிறார். தோலை ஊறவைக்கும் சுண்ணாம்பு அரித்த விரல்கள், தேய்ந்த நகங்கள். அது எங்கள் அப்பா என்று படித்தவுடன் தெரிந்துவிட்டது. சர்ச் சபையில் எல்லோரும் அவரை டேனரி மேனேஜர் என்றே அறிவார்கள். குடும்ப மானம் என்று ஒன்று உண்டு. அந்த அத்தியாயம் முழுவதையும் சிவப்பு மையால் அடித்தேன். கம்ப்யூட்டரிலும் அழிக்க வைத்தேன். எப்சி கதையைப் பனிமலை நாட்டுக்கு மாற்றினாள்.

அதை ஆறு மணிக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் புத்தகம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அனுப்புமுன் எங்களுக்கு வாசித்துக் காட்டினாள்.

முக்தார் தாடியைத் தடவினார். "பனியில இன்னாமா வாசனை இருக்கும்? ஃபிரிட்ஜ் மாதிரி கிடக்கும். மூக்கன் ரெண்டே மூச்சுல அந்தப் பொண்ணைப் புடிச்சிருப்பானே!"

"அதை உங்க தோஸ்தைக் கேளுங்க பாய்," என்று என்னைக் காட்டினாள் எப்சி.

"குகைக்குள்ள வௌவால் நாத்தம் இருக்கும்," என்றேன்.

"ஏழு மலை தாண்டி வர்ற மூக்கு வௌவாலுக்கு ஏமாறுமா சார்?"

"மல்லிகைத் தோட்டம் வெச்சுக்கலாமே," என்றாள் ஜெயபுஷ்பம்.

"வார்டுல எத்தனை பூ வெச்சாலும் மனுஷ வாசம் போகாது அண்ணி."

அப்போது பாலாற்றங்கரை டேனரிகளின் பக்கமிருந்து காற்று அடித்து ஜன்னல் திரை ஆடியது.

"என்னங்க, இப்போ நாத்தம் வந்துச்சா?" என்று கேட்டாள் ஜெயபுஷ்பம்.

"என்ன நாத்தம்?"

"பாத்தீங்களா! ஜோலார்பேட்டையிலேர்ந்து என் தம்பி வந்தா மூக்குலேர்ந்து கர்ச்சீப்பை எடுக்கறதில்ல. நமக்குத் தெரியவே இல்ல."

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"எப்சி! இங்க வந்தா மூக்கனுக்கு மூக்கும் குருடு! அவன் தெருத்தெருவா தடுமாறுவான், நாம டீ குடிச்சிட்டு இருப்போம்! இந்த ஊரை விட்டா அந்தப் பொண்ணுக்குப் பொழைக்க வழியே இல்ல!"

"அதைத்தான் எழுதியிருந்தேன் அண்ணா. நீங்கதான் அழிக்க வெச்சீங்க."

மணி ஐந்து ஐந்து. நான் சிவப்பு மையால் அடித்த தாள்கள் என் பீரோவில் இருந்தன. பதினோரு பக்கங்கள். நான் வாசிக்க வாசிக்க அவள் தட்டினாள். முக்தார் நிமிடத்துக்கொரு முறை மணி சொல்லி எங்களைப் பேஜார் பண்ணினார். பூதம் ஊர் எல்லையில் தும்மியது. நான் உரக்கச் சிரித்தேன். டேனரி கதவை உடைத்தது. வேகமாகப் பக்கத்தைப் புரட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் நிறுத்தினேன். தோல் குவியலுக்குப் பின்னால் செவ்வந்தி. முன்னால் கிழவர். பூதம் அவர் கையை முகர்கிறது.

"என்ன அண்ணா, மேனேஜரா மாத்திடவா?"

"மேனேஜர் கையில அத்தர் வாசம் அடிக்கும். மாட்டிக்குவாரு," என்றார் முக்தார். அப்பா வேலை பார்த்தது முக்தாருடைய தகப்பனாரிடம்தான். ஐம்பது ஆண்டுகளாக அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை.

மணி ஐந்து நாற்பத்தெட்டு.

"மாத்தாதே. நான் சொல்றதையும் சேர்த்துக்கோ," என்றேன். "சுண்ணாம்பு கையை அரிச்ச நாள்ல அவர் ஸ்பூன்லதான் சாப்பிடுவாரு. அந்தக் கையைத் தோலுன்னு நினைச்சு மூக்கன் திரும்பிப் போறான்."

எப்சி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு தட்டினாள். ஐந்து ஐம்பத்தேழுக்கு அனுப்பினோம். நாங்கள் நால்வரும் கைதட்டினோம்.

புத்தகம் வந்துவிட்டது. எங்கள் அப்பா மேனேஜர் என்றும், கதைக்காக எப்சி அவரைத் தோல் சீவ வைத்துவிட்டாள் என்றும் சபையில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. எங்கள் அப்பா தேவநேசன் சுண்ணாம்புத் தொட்டியருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்று தோல் சீவினார். மேனேஜர் என்பது நான் சொன்ன பொய்.