முதுகோடு பேச மாட்டேன் என்றவள்

கண்ணுங்களா, இது ஓர் அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து மல்லுக்கட்டிய கதை. அண்ணி, ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்குத் தலைமை நர்ஸ். நாத்தனார் அதே ஆஸ்பத்திரியின் தரத்தைக் கவனிக்கும் அதிகாரி. சுவர் கண்ட இடமெல்லாம் போஸ்டர் ஒட்டுவாள் என்பதால் அவளுக்குப் ‘பசை டப்பா’ என்று பெயர் வைத்ததே அண்ணிதான்.

அண்ணியின் வார்டில் யாருக்கும் படுக்கைப்புண் வரக்கூடாது. அந்த வருஷம் பசை டப்பா வைத்த இலக்கு அது. தானாகப் புரள முடியாதவர்களை அவ்வப்போது பக்கம் மாற்றிப் படுக்க வைத்தால் போதும். எல்லாரும் விழுந்து விழுந்து செய்தார்கள். புண் நின்றது. கேக் வெட்டினார்கள். கேக் வாசனை போவதற்குள் ஒரு பஸ் டிரைவரின் இடுப்பில் சிவப்புத் தடம் தெரிந்துவிட்டது.

பக்கவாதம் வந்து படுத்திருந்த மனிதர். அப்போதுதான் நடைப்பயிற்சி தொடங்கியிருந்தது. தோல் கிழிந்து புண்ணானால் பயிற்சி நிற்கும், கால் இறுகும், அப்புறம் நடந்து வீடு போவது எங்கே?

“அண்ணி, உங்க நர்ஸ் பிள்ளைங்க கேக்கைத் தின்னுட்டுத் தூங்கிட்டாங்க.”

“வாயைக் கழுவுடி. திருப்புறதை நானே நின்னு பாத்தேன். தூங்குறது உன் போஸ்டர்தான்.”

பசை டப்பாவுக்குச் சுருக்கென்றது. புதுப் போஸ்டர் எழுத உட்கார்ந்தாள், கை ஓடவில்லை. எழுந்து வார்டுக்கு வந்து, டிரைவருக்கு எதிரே சும்மா உட்கார்ந்தாள்.

ஒரு நர்ஸ் வந்து அவரை ஜன்னல் பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டுப் போனாள். பின்னாலேயே டிரைவரின் மனைவி வந்தாள். எல்லாக் கட்டிலையும் போலவே அங்கேயும் ஜன்னல் பக்கத்தை மருந்து அலமாரி அடைத்துக்கொண்டிருந்தது. நாற்காலிக்கு வாசல் பக்கம்தான் இடம். உட்கார்ந்தாள். தலையணையை உருவினாள். கைக்குழந்தையைப் புரட்டுவதுபோல அவரை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிவந்த அதே இடுப்பின் மேல்.

“ஐயோ அம்மா, ஏன் திருப்புனீங்க?”

“பின்ன, முதுகுகிட்டயா பேசச் சொல்றே? இவர் பஸ்ல ஏறி ஏறி ஆயுசுக்கும் முதுகைத்தான் பாத்தேன். இப்பதான் முகம் கெடச்சிருக்கு.”

கோணிய வாயால் டிரைவர் சிரித்தார்.

பசை டப்பா சுற்றிப் பார்த்தாள். கட்டிலுக்குக் கட்டில் உறவுக்காரர்கள். கட்டிலுக்குக் கட்டில் நோயாளிகள் வாசல் பக்கமே திரும்பிக் கிடந்தார்கள். ஓடிப்போய் அண்ணியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். பார்த்ததும் அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

“இவங்களைப் போய்க் கூடாதுன்னு எப்படிடி சொல்றது?”

“சொல்ல வேணாம் அண்ணி. அலமாரியைப் பிடிங்க.”

அலமாரிகளையெல்லாம் தலைமாட்டுச் சுவரோரம் தள்ளினார்கள். இரண்டு பக்கமும் நாற்காலிக்கு இடம் கிடைத்தது. இனி நோயாளி திரும்பினால் நாற்காலியும் கூடவே திரும்பும். நர்ஸ் மறந்தாலும் உறவுக்காரர்கள் விடுவதில்லை. “சிஸ்டர், எங்களை எப்ப ஜன்னல் பக்கம் அனுப்புவீங்க? காத்து வேணும்!” டிரைவர் மனைவியோ, பக்கத்துக் கட்டில்காரர்களையும் சேர்த்து அதட்டத் தொடங்கிவிட்டாள்.

தடம் மங்கி மறைந்தது. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மனிதர் நடந்தே வீடு போனார்.

ஆனாலும் பசை டப்பாவுக்கு உள்ளுக்குள் உதறல்தான். இதுவும் கேக் மாதிரி தீர்ந்துபோனால்? அண்ணி, மகள் பிரசவத்துக்காக நீண்ட லீவில் போனாள். நர்ஸ்கள் மாறினார்கள், டிரைவரைத் தெரிந்தவர் யாருமில்லை. ஒருநாள் பசை டப்பா சொல்லாமல் கொள்ளாமல் வார்டுக்குப் போய், ஒரு பெரியம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

“யாரது? எந்திரிங்க. பெரியம்மாவைத் திருப்பணும், நாற்காலி அந்தப் பக்கம் போகணும்,” என்றாள் ஒரு புது நர்ஸ்.

“நான் யாருன்னு தெரியுமா?”

“யாரா இருந்தா என்ன? சும்மா நிக்காம தூக்குங்க!”

நாற்காலியைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிட்டு, வராந்தாவுக்கு ஓடிப் போன் போட்டாள். “அண்ணி! என்னைத் திட்டிட்டாங்க அண்ணி!”

“யாரு, நம்ம வார்டுலயா? நல்லா வேணும்டி உனக்கு,” என்றாள் அண்ணி. அந்தப் பக்கம் பச்சைக்குழந்தை வீறிட்டது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அது கூட அடங்கிப்போனது.