அரையடி இடம்

நாற்பது வருடம் கழித்து ஓர் இசைத்தட்டுக்குப் பிறந்தநாள் கொண்டாடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? தெரிந்திருந்தால் வெர்லின் காடில் அன்றைக்கே கொஞ்சம் மனிதனாக நடந்துகொண்டிருப்பார். மாவட்ட வானொலியில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மளிகைக்கடையில், சர்ச் வாசலில், பெட்ரோல் பங்கில் என்று கண்ட இடத்திலெல்லாம் நிறுத்திக் கையைக் குலுக்கினார்கள். அவரோ எதையோ திருடிவிட்டு வந்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நழுவினார். "பெரிய மனுஷனுக்கு எவ்ளோ அடக்கம் பாரு" என்று அதற்கும் ஒரு பாராட்டு விழுந்தது.

அந்தத் தட்டு 1979 அக்டோபரில், நீதிமன்றக் கட்டடத்து மாடியில், முந்நூறு பேர் முன்னால் பாடிப் பதிவு செய்தது. அப்போது வெர்லினுக்கு இருபத்தொன்பது வயது, தங்கை ஒலேட்டாவுக்கு இருபத்துநான்கு. எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் சேர்ந்து பாடினால் அதற்கு மரியாதையே தனி. என்னதான் பழகினாலும் வெளியாள் குரல் அப்படி ஒட்டாது என்பார்கள். காடில் வீட்டு இரண்டு குரலும் அப்படித்தான் ஒட்டின. எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல அவர்களுடைய அம்மாவே திணறுவாள்.

நல்ல மலைப்பாட்டுத் தட்டுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் இன்றைக்கும் அது இருபதுக்குள் வந்துவிடும். பன்னிரண்டு பாட்டு இருந்தாலும் பேர் வாங்கியது கடைசிப் பாட்டுதான்: 'கல்லோடைத் தோணி'. ஆற்றின் இந்தக் கரையில் நிற்கிற அண்ணனை, செத்துப்போன தங்கை அந்தக் கரையிலிருந்து கூப்பிடுகிற பாட்டு. பல்லவியில் ஒலேட்டாவின் குரல் எங்கோ தூரத்திலிருந்து, காற்றில் அடித்துக்கொண்டு வருகிற மாதிரி மெலிந்து கேட்கும். பத்திரிகையில் எழுதுகிறவர்கள் உருகிப்போனார்கள். மறுகரையையே மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்களே, என்ன கற்பனை, என்ன துணிச்சல் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். கற்பனையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அது வெர்லினின் வயிற்றெரிச்சல்.

நம் ஆட்கள் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடுகிறவர்கள். யாருடைய முறையோ அவர் உள்ளே வருவார், முடிந்ததும் தோளைச் சாய்த்து வெளியே போவார். ஃபிடில் வாசிக்கிறவர் இடப்பக்கமாக நுழைந்தால் பாஞ்சோ மீட்டுகிறவர் வலப்பக்கமாக ஒதுங்குவார். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, இடித்துக்கொள்வதும் இல்லை. பல்லவி வந்தால் வெர்லின் இடது தோளை அரையடி பின்னுக்கு வாங்குவார். அந்த இடைவெளியில் ஒலேட்டா முகத்தை நுழைத்து, அவர் குரலுக்கு மேலே ஒட்டிப்போகிற மேல்குரல் கொடுப்பாள். சின்ன வயதிலிருந்து செய்தது, தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் தோள் தானாக விலகும்.

அன்றைக்கு நிகழ்ச்சிக்கு முன்னால் கழிப்பறைப் பக்கம் போன வெர்லினின் காதில், பதிவு செய்ய நாஷ்வில்லிலிருந்து வந்த ஆள் தன் கூட்டாளியிடம் பேசியது விழுந்தது. "பொண்ணுக்காகத்தான்யா இவ்ளோ தூரம் வந்தோம். அண்ணன்காரன் அவ கூட வந்த பெட்டி." இரண்டு பேரும் சிரித்தார்கள். பதினொரு பாட்டு வரை அந்தச் சிரிப்பை வெர்லின் எப்படியோ விழுங்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவதில் முடியவில்லை. பல்லவி வந்தது, தோள் விலகவில்லை. ஒலேட்டா அவர் முதுகுக்குப் பின்னால் நின்றே பாடி முடித்தாள்.

அத்தோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. மறுவாரம் டேப்பில் அந்தக் கடைசிப் பாட்டைக் கேட்டபோது ஒலேட்டாவின் முகம் வெளுத்துப்போனது. "அண்ணே, என் குரலா இது? இப்படித் தேஞ்சு போயிருக்கே!" என்று கேட்டாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வெர்லினோ, "மார்த்தி அத்தைக்கும் இந்த வயசுலதானே ஒரே குளிர்காலத்துல குரல் போச்சு? எதுக்கும் ரெண்டு மாசம் பாடாம இரு" என்றார். அந்த இரண்டு மாதம்தான் நாற்பது வருடமாக ஓடியது. ஒலேட்டா பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து, சோளரொட்டியும் பீன்ஸும் ஆக்கிப் போட்டு ஓய்வும் பெற்றுவிட்டாள். சர்ச்சில் ஊரே பாடும்போதுகூட பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பாள். வெர்லின் முதலில் தனியாகப் பாடினார், அப்புறம் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பாடினார். ஒன்றும் தேறவில்லை. எத்தனையோ தடவை சொல்லிவிட வேண்டும் என்று அவள் வீட்டு வாசல்வரை போயிருக்கிறார். போய் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறார்.

இந்தத் தடவை எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் சனிக்கிழமை மதியம் அவளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். ஒலேட்டா நீலக் கவுன் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி உற்சாகமாக இருந்தாள்.

"என்னண்ணே, ஸ்டீயரிங்க இந்த நெறி நெறிக்கறே? அது உன்ன என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணுமில்ல."

"பேசச் சொல்லுவாங்கன்னு பயமா? நான் தப்பிச்சேன்பா. பேசவும் மாட்டேன், பாடவும் மாட்டேன்னு அந்த ரேடியோக்கார ரமோனாகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். கேக்கு வெட்டினாத் திம்பேன், அவ்வளவுதான்."

"ஒலேட்டா, அந்தக் கடைசிப் பாட்டு..."

"அதுக்கென்ன?"

வளைவில் எதிரே மரலாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. வெர்லின் வண்டியை ஒதுக்கி நிறுத்தினார். லாரி போய்விட்டது, கூடவே வாய்வரை வந்த பேச்சும் போய்விட்டது. மீதி வழியெல்லாம் ஒலேட்டா பள்ளிக்கூடத்துப் புதுச் சமையல்காரியின் பீன்ஸைப் பற்றித் திட்டிக்கொண்டு வந்தாள்.

நீதிமன்ற மாடியில் நிற்க இடமில்லை. வானொலியில் சனிக்கிழமைதோறும் மலைப்பாட்டு போடுகிற ரமோனா ஃபியூகேட்டின் ஏற்பாடுதான் எல்லாம். ஒலேட்டாவை முன்வரிசையில் உட்காரவைத்தாள், வெர்லினை மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். லெக்சிங்டனிலிருந்து வந்திருந்த இளம் ஜோடி ஒன்று முதலில் 'கல்லோடைத் தோணி' பாடியது. தாடிக்காரன் மைக்கின் முன்னால் நின்றான். அந்தப் பெண் மூன்றடி தள்ளி, அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். நின்ற இடத்திலிருந்து கழுத்து நரம்பு புடைக்கப் பாடினாள்.

"பாத்தீங்களா?" என்றாள் ரமோனா, பாட்டு முடிந்ததும். "இன்னிக்கு எந்த இசைவிழாவுக்குப் போனாலும் இந்தப் பாட்டுக்கு மேல்குரல்காரி இங்கதான் நிக்கறா. இதுக்கு 'ஒலேட்டா இடம்'னே பேரு வெச்சுட்டாங்க!"

கூட்டம் ஒலேட்டாவைப் பார்த்துக் கை தட்டியது. அவள் வெட்கப்பட்டுக் கையை ஆட்டினாள். வெர்லின் தட்டுவதற்குத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டார். தான் ஒருநாள் செய்த அற்பத்தனத்துக்கு ஊரில் உள்ள பெண்பிள்ளைகளெல்லாம் பின்னால் போய் நிற்கிறார்களே என்று இருந்தது. இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் தான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"வெர்லின் ஐயா, இப்ப சொல்லுங்க," என்று ரமோனா மைக்கை அவர் பக்கம் திருப்பினாள். "அந்தத் தூரத்துக் குரல் யோசனை யாருக்கு வந்துச்சு? உங்களுக்கா, உங்க தங்கச்சிக்கா?"

"யோசனையெல்லாம் ஒண்ணும் கெடையாதும்மா. நான் நகரல. அவ்வளவுதான்."

"நகரலன்னா?"

"அவளுக்கு எடம் விடணும். விடல. அவ குரலுக்காகத்தான் வந்தோம், நான் கூட வந்த பெட்டின்னு பதிவுக்கு வந்தவன் பேசினதக் கேட்டுட்டேன். பொறாமை. பத்திக்கிட்டு எரிஞ்சுது. பெட்டி என்ன பண்ணும்னு காட்டறேன்டான்னு, மரம் மாதிரி நின்னுட்டேன். அவ குரலுக்கு ஒண்ணும் ஆகல. தூரத்துலேருந்தும் வரல. என் முதுகுக்குப் பின்னாலேருந்து வந்துச்சு."

பின்வரிசையில் யாரோ, "அப்ப இந்தப் பாராட்டெல்லாம் உன் பொறாமைக்குத்தான்யா குடுக்கணும்!" என்று கத்தினான். மாடியே அதிர்கிற மாதிரி சிரிப்பு. ரமோனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தன்னைத் தாழ்த்தித் தங்கச்சிய ஒசத்திப் பேசறதுக்கு இவர விட்டா ஆள் உண்டா?" என்றாள். அதற்கு இன்னொரு கைதட்டல். "இல்லம்மா, நான் நெசமாத்தான்..." என்று வெர்லின் சொன்னது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. கேக் வெட்டப் பத்து நிமிட இடைவேளை, அதன்பின் வெர்லின் ஐயா கடைசிப் பாட்டைப் பாடுவார் என்று அறிவித்தார்கள்.

முன்வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. வெர்லின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்குவதற்குள் ஒலேட்டா வெளியே படிக்கட்டுப் பக்கம் போய்விட்டாள். அவர் போனபோது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அண்ணே, இப்பச் சொன்னியே, அது வெளையாட்டுக்கா?"

"இல்ல."

"வேணும்னேதான் நகரலையா?"

"வேணும்னேதான்."

"இத்தன பேருக்கு முன்னாடி வந்த வார்த்தை, வண்டியில எங்கிட்டச் சொல்ல வரலையா?"

ஊரே கேட்கச் சொல்வதுதான் பெரிய பரிகாரம் என்று வெர்லின் நினைத்திருந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத கோழைத்தனம்தான் அது என்று இப்போதுதான் உறைத்தது.

"நீ மறைச்சு நின்னது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?" என்றாள் ஒலேட்டா. "உன் சட்டை என் மூஞ்சில உரசிக்கிட்டு இருந்துச்சு."

"தெரியுமா? அப்ப ஏன் ஒரு வார்த்தகூடக் கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்? பதினோரு பாட்டு பாடினதுல என் குரல் ஒடையறது உனக்குக் கேட்டுடுச்சு, ஊர் காதுல விழக் கூடாதுன்னு மறைச்சு நிக்கறேன்னு நெனச்சேன். டேப்பக் கேட்டப்ப நீயே அத்தை கதையச் சொன்னியா, சந்தேகமே இல்லன்னு ஆயிடுச்சு. எம் மகனுக்கு எதுக்கு உம் பேர வெச்சேன்? அவங்கப்பா தன் அப்பா பேரத்தான் வெக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. எங்கண்ணன் எம் மானத்தக் காப்பாத்துனவன், அவன் பேருதான்னு நான் சண்ட போட்டு வெச்சேன்."

தங்கை தன்னை வெறுத்திருப்பாள், சபித்திருப்பாள் என்று எத்தனையோ விதமாக வெர்லின் நினைத்துப் பார்த்திருக்கிறார். நன்றியோடு இருந்திருப்பாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"மன்னிச்சுடு ஒலேட்டா."

"குரல் போனதக்கூட விடுண்ணே. அடுப்படியில நான் நல்லாத்தான் இருந்தேன். எனக்குன்னு ஒரு நல்ல அண்ணன் இருந்தான். இன்னிக்கு அவனையும் நீ எடுத்துக்கிட்டே."

"குரல் போகலம்மா, எப்பவும் போகல. வா. நீ முன்னாடி நில்லு, நீயே பாடு. நான் மேடைக்கே வரல."

"அறுபத்துநாலு வயசுலயா? நாப்பது வருஷமா சர்ச்சுலகூட வாயத் தொறக்காதவ, எத வெச்சுப் பாட?"

உள்ளே ரமோனா மைக்கில் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கூட்டம் தாளம் போட்டுக் கை தட்டத் தொடங்கியது. ஒலேட்டாவோடு சர்ச்சுக்குப் போகிற தோழி ஒருத்தி கேக் தட்டோடு வெளியே வந்தாள். ஒலேட்டா அவளிடம், "என்னக் கொஞ்சம் வீட்டுல விட்டுடறியா?" என்று கேட்டாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"கூப்பிடறாங்க பாரு, போ. தனியாப் பாடத்தானே ஆசப்பட்டே? போய்ப் பாடு."

ஒவ்வொரு படியாக அவள் இறங்கிப் போனாள். வெர்லின் படிக்கட்டைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். அப்புறம் மேடைக்குத்தான் போனார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.