கல்லீரல் எந்தப் பக்கம்?

பதினைந்து வருடம் தையல் மெஷினே கதியென்று கிடந்துவிட்டு நர்சிங் படிக்கப் போன தையல்காரி, உடற்கூறியலில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டாள். "இந்த வயசுல உனக்கு இது தேவையா?" என்று வீட்டுக்காரர் கேட்ட அன்றே டியூஷனுக்கு ஆள் தேட ஆரம்பித்தாள்.

முதலில் வந்தவர் இருநூற்றுச் சொச்சம் எலும்புகளின் பெயர்களையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டுப் போனார். அடுத்தவர் ஒரு மணி நேரம் தன் பெருமையையே பாடினார். மூன்றாவதாக வந்தவள் பிசியோதெரபி முடித்த சின்னப் பெண். வந்ததும் பழைய விடைத்தாளைக் கேட்டு வாங்கினாள்.

"பேரெல்லாம் சரியா எழுதியிருக்கீங்கக்கா. பக்கம்தான் மாறிப்போச்சு. கல்லீரல் எப்படி இடது பக்கம் வந்துச்சு?"

"புத்தகத்துப் படத்துல அங்கதானே இருக்கு? எனக்கென்ன கண்ணு தெரியலையா?" என்று தையல்காரி எரிந்து விழுந்தாள்.

சின்னவள் அசரவில்லை. மேஜையில் பாதி தைத்துக் கிடந்த சட்டையைக் காட்டினாள்.

"இதுக்குப் பை எந்தப் பக்கம் வைப்பீங்க?"

"இடது பக்கம்."

"யாரோட இடது?"

"போட்டுக்கறவரோட இடதுதான். இதுகூடவா தெரியாது..." என்றவள் சட்டென்று புத்தகத்துப் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு புத்தகத்தை எடுத்துச் சுவரோரம் சாய்த்து நிறுத்தினாள். அளவு கொடுக்க வந்தவரைப் பார்ப்பதுபோல அந்தப் படத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா இந்த மனுஷனை வெறும் காகிதம்னு நெனச்சுட்டேனே!"