பெண் வீட்டார் கேட்ட சீர்

இது நடந்தது 2009 தை மாதமா, மாசி மாதமா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. அன்று கூடத்தில் இருந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உத்திராபதி எழுந்து நின்று பேசினார் என்கிறார்கள் சிலர். இல்லை, பாயில் உட்கார்ந்தபடியேதான் என்கிறார்கள் சிலர். அவர் பேசினார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. ஏனென்றால், அதற்கு முன் நாலு பேர் நடுவில் அவர் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

கம்மாபுரம் ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, கடலூர் செம்மண்டலத்தில் வீடு கட்டிக் குடியேறியவர். "சாப்ட்டீங்களா?" என்று கேட்டால் தலையாட்டுவார். அது ஆமாமா, இல்லையா என்பது மனைவி தங்கம்மாளுக்கு மட்டும்தான் விளங்கும். மகன் அருண்பாண்டியனுக்குப் பெங்களூரில் வேலை. மகள் சத்யப்பிரியா தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வருவாள். இருவரும் இன்டர்நெட்டில் ஆளுக்கொரு வலைப்பூ வைத்திருந்தார்கள். அவன் படம் வரைந்து போடுவான்: பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றி நிற்கும் லாரிகள், லாரிக்கடியில் துண்டு விரித்துத் தூங்கும் கிளீனர். அவள் பஸ்ஸில் பார்க்கிற பெண்களை வைத்துச் சின்னச் சின்னக் கதைகள் எழுதுவாள். அவளுடைய வலைப்பூவுக்கு 'முன்படிக்கட்டு' என்று பெயர்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். "உனக்கு எத்தன கமெண்ட்டுடா, எனக்கு எத்தன பாத்தியா?" என்று போனில் அவர்கள் அடித்துக்கொள்வதை, பேப்பருக்குப் பின்னாலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை, "நடராஜரப் பாத்துட்டு வரேன்" என்று சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். சாமி கும்பிட்டது உண்மைதான். அதன்பிறகு தெற்கு வீதியில் ஜான்சி என்ற பெண் நடத்திய பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தார். கடலூரிலும் சென்டர்கள் இருந்தன. ஆனால் பிளைவுட் தடுப்பும் திரையுமாக இருந்த அந்த அறைகளுக்குள் பெரியவர்கள் நுழைவதை உள்ளூரில் தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பது தெரிந்ததுதானே! 'முன்படிக்கட்டு' என்று எழுதிய சீட்டை ஜான்சியிடம் நீட்டினார்; அவள் திறந்து கொடுத்தாள். முதல் நாள் மகளின் ஒரே ஒரு கதையைப் படித்தார். படித்துவிட்டு, நேரம் முடியும்வரை திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு எல்லாத் திங்கட்கிழமையும் நடராஜர்தான். திரும்பும் பஸ்ஸில், 'என் பொண்ணு எழுதுதுங்க, பையன் வரையிறாங்க' என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வரும். புதுச்சத்திரம் வருவதற்குள் விழுங்கிவிடுவார். மகளிடமும் சொல்லவில்லை. அப்பா படிக்கிறார் என்று தெரிந்தால் அவள் பயந்து பயந்து எழுதுவாள். அந்தக் கதைகளில் இருந்த வாய்த்துடுக்கு போய்விடும். அது போகக்கூடாது என்று நினைத்தார்.

ஒருநாள் சென்டர் வாசலில் மச்சான் கலியமூர்த்தியிடம் வசமாக மாட்டினார்.

"என்னா மாமா, கோயிலுக்குன்னு சொல்லிட்டு எங்கேருந்து வரீங்க?"

தலையாட்டினார்.

"திரைக்கு உள்ள என்னா தரிசனம்? நெத்தியில திருநீறு வேற! எங்கக்காவுக்குத் தெரியுமா?"

அன்று மாலைக்குள் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. தங்கம்மாள் கேட்டதற்கும் தலையாட்டினார். அந்த ஆட்டத்துக்கு மட்டும் அவளுக்குப் பொருள் விளங்கவில்லை. கொஞ்ச நாளைக்கு ரசத்தில் உப்பில்லை.

அந்தச் சமயத்தில்தான் சத்யப்பிரியாவுக்குச் சிதம்பரத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை செம்பியன், மின்வாரியத்தில் இளநிலைப் பொறியாளர். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. வெற்றிலை பாக்கு மாற்ற வருவதாக இருந்த நாளைக்கு முந்தின காலை, மாடியில் துணி காயப்போட்டபடி அவள் அண்ணனிடம் போனில் பேசினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உத்திராபதி நின்றிருந்தார்.

"கல்யாணத்தோட அத மூடிருவேன்டா. கம்ப்யூட்டரே இல்லாத வூடு. போனதும் நான் கத எழுதப் போறேன்னு நின்னா என்னா நெனைப்பாங்க? போதும், நாலு வருசம் எழுதியாச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்று முழுவதும் அவர் பேப்பரைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் செம்மண்டலம் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. பேச்சு முடியாமல் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள் என்பதால், உள்ளே போண்டா ஆறிக்கொண்டிருந்தது. பெண் வீட்டுக்காக வழக்கம்போலக் கலியமூர்த்திதான் பேசினார். கட்டில், பீரோ, மண்டபச் செலவு எல்லாம் பேசி முடிந்தது. மாப்பிள்ளையின் அப்பா கோவிந்தசாமி, முறைக்காக ஒரு வார்த்தை கேட்டார்:

"பொண்ணு வூட்டுல ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணு இருக்கு" என்றார் உத்திராபதி.

கலியமூர்த்தி திரும்பிப் பார்த்தார்.

"எம்பொண்ணு வர்ற வூட்டுல நெட் கனெக்ஷன் வேணும். கம்ப்யூட்டர் நான் வாங்கித் தரேன். கனெக்ஷன் நீங்க போடணும். வெத்தல மாத்தறதுக்கு முன்னாடியே சொல்லிரணும்."

"மாமா! அந்தக் கிறுக்கு இன்னும் வுடலியா? சம்மந்தி வூட்டுலயும் போயி உக்காந்துக்கப் போறீங்களா?"

கூடமே சிரித்தது. கோவிந்தசாமி சிரிக்கவில்லை.

"பொண்ணுக்கு எதுக்குங்க நெட்டு?"

"அது கத எழுதுதுங்க."

"கதையா? நாளைக்கு எங்க வூட்டுக் கதையும் அதுல வருமா?"

தட்டில் வெற்றிலை அப்படியே இருந்தது. தங்கம்மாள் கண்ணாலேயே கெஞ்சினாள். உத்திராபதிக்கு வாதாடத் தெரியாது. தெரிந்ததைச் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"அவள் முதல் ஸ்டாப்பில் ஏறுவாள். அதனால் எப்போதும் சீட்டு கிடைக்கும். நிற்கிறவர்கள் எல்லோரும் தங்கள் பையை அவள் மடியில் வைப்பார்கள். டிபன் பை, காய்கறிப் பை, பள்ளிக்கூடப் பை. அவள் மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும். இறங்குகிறவர்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். ஒருநாள் எல்லோரும் இறங்கிய பிறகும் மடியில் ஒரு நீலப் பை மிச்சமிருந்தது..."

"மஞ்சப் பைப்பா!" என்று உள் அறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"...ஒரு மஞ்சள் பை மிச்சமிருந்தது. யாருது, யாருது என்று கண்டக்டர் கத்தினார். பஸ்ஸில் வேறு யாரும் இல்லை. பிரித்துப் பார்த்தாள். உள்ளே அவளுடைய குடை. அவளுடைய சாப்பாடு."

அவர் கண்ணைத் திறந்தார்.   

மாப்பிள்ளையின் அம்மா அமராவதி தலையை நீட்டினாள்.

"அப்பறம்? அந்தப் பொம்பள சாப்ட்டாளா இல்லியா, சம்மந்தி?"

"அதோட முடியுதுங்க."

"இது அநியாயமால்ல இருக்கு! வேற ஒண்ணு சொல்லுங்க."

கோவிந்தசாமி மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். செம்பியன் உள் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெத்தல மாத்தறதுக்கு முன்னாடியே இவ சம்மந்தின்னுட்டா. இனிமே நான் என்னாத்தப் பேசறது? நெட்டப் போட்டுருவோம். போண்டாவ எடுத்தாங்கம்மா."

தட்டைக் கொண்டுவந்தது சத்யப்பிரியாதான். யாரும் கூப்பிடாமலே வந்துவிட்டாள். தட்டை வைத்த கையோடு அப்பாவிடம் குனிந்து, "எப்பப்பா படிச்சீங்க?" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

"திங்கக்கெழம திங்கக்கெழம" என்று தங்கம்மாள் சொன்னாள். சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்த பார்வையில், கலியமூர்த்தி ஒரு முழு போண்டாவை வாயில் போட்டுக்கொண்டார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. கட்டில் வருவதற்கு முன்பே செம்பியன் கனெக்ஷன் வாங்கிவிட்டான். சத்யப்பிரியாவுக்கு ஒரு பெண் குழந்தை. 2012லும் எழுதிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் மாதத்துக்கு ஒன்று. வலைப்பூவில் ஏற்றுவதற்கு முன் அமராவதிக்கு வாசித்துக் காட்டியாக வேண்டும். 'தானே' புயல் அடித்த பிறகு அருண்பாண்டியன் பண்ருட்டிக்கு வந்து, விழுந்து கிடந்த பலா மரங்களையெல்லாம் வரைந்து போட்டான். அடுத்த ஆவணியில் அவனுக்கும் கல்யாணம் ஆயிற்று. ஜான்சி சென்டரை ஜெராக்ஸ் கடையாக மாற்றிவிட்டாள். கலியமூர்த்தி தன் மகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். உத்திராபதியும் தங்கம்மாளும் செம்மண்டலத்திலேயே இருந்தார்கள். வீட்டுக்கும் ஒரு கனெக்ஷன் வந்தது. காலையில் காப்பிக்குப் பிறகு, மகள் எழுதியதை அவர் அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார்.