பழைய கடவுச்சொல்

கடவுச்சொல் தவறு என்று கணினி மீண்டும் அறிவித்தபோது, மூத்தவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தன் ஓரகத்தியைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணனையும் தம்பியையும் மணந்து ஒரே வீட்டுக்கு வந்த அவ்விருவரும் சேர்ந்து நடத்தும் எம்பிராய்டரிக் கூடம் அது. தையல் இயந்திரத்துக்குக் கட்டளையிடும் கணினி அன்று காலை முதல் எவரையும் உள்ளே விடவில்லை. முதன்முறையாக வெளியூர்ப் போட்டிக்கு மாலை இரயிலில் புறப்படவிருந்த பெண்கள் கால்பந்து அணியின் சட்டைகள், பெயரில்லாமல் மேசைமீது அடுக்கப்பட்டிருந்தன. தைக்க வேண்டிய பெயர்களும் அணியின் பருந்துச் சின்னமும் கணினிக்குள் அகப்பட்டுக் கிடந்தன.

"நீதான மாத்தின?" என்றாள் மூத்தவள்.

"நான் எதுக்குக்கா மாத்தப் போறேன்? மாத்தினா மொத ஆளா நான்தான் மறப்பேன்."

பேச்சில் இளையவளை வெல்ல அவ்வீட்டில் ஆளில்லை.

கணினி பழுதுபார்க்கும் பெண் வந்தாள். தான் கொண்டுவந்த பென்டிரைவின் துணையால் கணினியை இயக்கி, உள்ளே நெடுநேரம் துழாவினாள். கடவுச்சொல்லை எவரும் மாற்றவில்லை என்றும், அதைச் சரிபார்க்கும் பாதுகாப்புக் கோப்பே சிதைந்துவிட்டது என்றும், பூட்டு கெட்டபின் சரியான சாவியாலும் பயனில்லை என்றும் விளக்கினாள். கணினி முழுதும் அணையுமுன் எவரேனும் பிளக்கைப் பிடுங்கினீர்களா என்று வினவினாள்.

மூத்தவளின் பார்வை அவளையறியாமல் சுவரோரத்து இஸ்திரிப் பெட்டிக்குச் சென்றது. நேற்று, காத்திருக்கவும் என்று திரை கெஞ்சிக்கொண்டிருக்கையில் கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகியவள் அவளே. இளையவளும் அப்பார்வையைப் பின்தொடர்ந்து இஸ்திரிப் பெட்டியைக் கண்டாள். தொண்டையை மட்டும் செருமிக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை அது மாபெரும் தியாகம்.

அக்கோப்பின் பழைய பிரதி ஒன்றைக் கணினியே சேமித்து வைத்திருந்தது. அதை மீண்டும் உரிய இடத்தில் வைத்துவிடலாம். ஆனால் அந்நாளில் வழங்கிய கடவுச்சொல்லைத்தான் அது ஏற்கும். பிரதி எந்த மாதத்தது என்று அப்பெண் கூறியதும் மூத்தவளுக்கு வியர்த்தது. நூலின் நிறம் பற்றிய சண்டையில் ஓரகத்திகள் இருவரும் முகங்கொடுத்துப் பேசாதிருந்த மாதம் அது. அப்போது கணினியைத் தான் ஒருத்தியே பூட்டி வைத்திருந்தாள்.

"அப்ப வெச்ச பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காம்மா? இல்லன்னா எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாத்தான் போடணும்."

மறந்துவிட்டது என்று ஒரு சொல் சொன்னால் மானம் பிழைத்துவிடும். மூத்தவள் மேசைமீதிருந்த சட்டைகளைப் பார்த்தாள். ஒன்று மிகச் சிறியது; அணியிலேயே குள்ளமான பெண்ணுக்குரியது. பெருமூச்சு விட்டாள்.

"நீ போய் டீ போடேன்."

இளையவள் நகரவில்லை.

திரையைத் தன் உடலால் மறைத்துக்கொண்டு மூத்தவள் தட்டினாள். பதற்றத்தில் விரல் பிசகியது. கணினி மறுத்தது. மீண்டும் தட்டுகையில், பழுதுபார்ப்பவள் உதவும் நல்லெண்ணத்தோடு எட்டி, கட்டத்தின் ஓரத்திலிருந்த கண் படத்தைச் சொடுக்கினாள். எழுத்துகளை மூடியிருந்த கரும்புள்ளிகள் மறைந்தன. ஆங்கில எழுத்துகளில் 'வாயாடி' என்னும் சொல்லும் அதன் வாலில் ஓர் ஒன்றும் பளிச்சென்று வெளிப்பட்டன.

இளையவள் குனிந்து நிதானமாகப் படித்தாள்.

"நடுவுல ஒரு எழுத்து கூடுதலா விழுந்திருச்சுக்கா. அழிங்க."

மூத்தவள் அழித்தாள். கதவு திறந்தாற்போல் திரை விரிந்தது; பருந்து சிறகை விரித்து நின்றது.

"அது சரி, அந்த ஒன்னு எதுக்கு? ரெண்டாவது வாயாடி யாரு?"

"நம்பர் வேணும்னு மெஷின் கேட்டுச்சுடி."

முதலில் சிரித்தவள் யார் என்று தெரியவில்லை. மூத்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நூற்கண்டுகளை மாட்டினாள். பழுதுபார்ப்பவள் பைக்குள் எதையோ தேடுபவள்போல் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பெயர்கள் ஒவ்வொன்றாகச் சட்டைகளில் ஏறத் தொடங்கின. புதிய கடவுச்சொல் வைத்துவிடுமாறு பழுதுபார்ப்பவள் கூறவே, இளையவள் முந்திக்கொண்டு விசைப்பலகையைத் தன்பக்கம் இழுத்தாள்.

"என்னடி போடுற?"

"இருங்க, இன்னும் முடியல."

இயந்திரத்தின் ஊசிகள் தடதடக்க, திரையில் கரும்புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக, நேர்த்தியான ஓட்டுத்தையல்போல், நீண்டுகொண்டே சென்றன. மூத்தவளின் விரல் மெல்லக் கண் படத்தை நோக்கி நகர்ந்தது.